மஞ்சள் வேறு, மஞ்சள் குளிசை வேறு

எங்கட வீடுகளில் மருந்து வைக்கிற இடத்துக்கு ஒரு ஒழுங்கு இருக்கும். பிரஷர் குளிசை, சீனி வருத்தத்துக்கான குளிசை, கொலஸ்ட்ரோல் குளிசை எல்லாம் கிளினிக் கொப்பியோடு ஒரே பையில் கிடக்கும். கொஞ்ச வருசமாக அந்தப் பைக்குப் பக்கத்தில் இன்னொரு போத்தலும் வந்து குந்தியிருக்கிறது. ரொறன்ரோவிலிருந்து மாமியோ லண்டனிலிருந்து சித்தியோ பார்சலில் அனுப்பியது. இல்லாவிட்டால் முகநூல் விளம்பரத்தைப் பார்த்து இங்கேயே வாங்கியது. வெளியில் மஞ்சள் கிழங்கின் படம். உள்ளே குர்குமின் கப்சூல்கள். மூட்டு நோவுக்கு, ஈரலுக்கு, இரத்தத்தைச் சுத்தமாக்க, புற்றுநோய் வராமலிருக்க என்று ஒரு நீளமான பட்டியல்.

கிளினிக் பையில் இருக்கிறதைப் பற்றி டொக்ரர் கேட்பார். போத்தலைப் பற்றி அவர் கேட்பதுமில்லை, வீட்டுக்காரர் சொல்வதுமில்லை. ஏன் சொல்லேல்லை எண்டு கேட்டால் வருகிற பதில் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "அது மருந்தில்லை, மஞ்சள்தானே."

இந்த "மஞ்சள்தானே" என்ற சொல்லைப் பற்றித்தான் நாங்கள் இங்கே கதைக்க விரும்புகிறோம். சமையலறை மஞ்சள் தலைமுறை தலைமுறையாகச் சம்பாதித்து வைத்திருக்கும் நம்பிக்கையை, அதோடு பெரிய தொடர்பில்லாத ஒரு பொருள் இரவல் வாங்கி விற்கிறது என்பது எங்கள் கருத்து. மஞ்சளைக் குறைசொல்வது எங்கள் நோக்கமில்லை. அந்தப் போத்தலைக் குடிக்கிறவை எங்கட அம்மா அப்பாமார், அம்மம்மாமார். பக்கத்தில் இருக்கும் மற்ற மருந்துகளையும் அவர்கள்தான் குடிக்கினம். அதனால் கதைக்க வேண்டியிருக்கிறது.

ஒரு குளிசைக்குள் எத்தனை கோப்பை சொதி?

முதலில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மஞ்சளுக்கு நிறத்தைக் கொடுப்பவை குர்குமினொயிட்டுகள் என்ற மூன்று சேர்வைகள். அதில் முக்கியமானது குர்குமின். சாதாரண மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 வீதம்தான் இருக்கும். தூளுக்குத் தூள் இது கூடிக் குறையும்.

நாலு பேருக்கு வைக்கிற ஒரு பால்சொதிக்கு அரைத் தேக்கரண்டி மஞ்சள் போடுகிறோம் என்று வைப்போம். அது ஒன்றரைக் கிராம் அளவில் வரும். அதில் குர்குமின் 45 மில்லிகிராம். நாலாகப் பிரித்தால் ஒருத்தருக்கு 11 மில்லிகிராம்.

இப்போது போத்தலின் லேபிளைப் பாருங்கோ. பல போத்தல்களில் "500 மில்லிகிராம், 95 வீதம் குர்குமினொயிட்டு" என்று போட்டிருக்கும். அதாவது ஒரு குளிசையில் 475 மில்லிகிராம். ஏறக்குறைய நாற்பது கோப்பை சொதி. தூளாகக் கணக்குப் பார்த்தால் ஐந்து தேக்கரண்டி மஞ்சள். சிலர் இதை ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று என்று குடிக்கினம்.

உணவில் சேர்க்கும் நிறமூட்டியாகக் குர்குமினைப் பார்த்த சர்வதேச நிபுணர் குழு, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் வரைக்கும் ஏற்கலாம் என்று சொல்லியிருக்கிறது. 60 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு அது 180 மில்லிகிராம். ஒரே ஒரு குளிசை அதை இரண்டு மடங்குக்கும் மேலாகத் தாண்டிவிடும். அந்த எல்லையைத் தாண்டினால் உடனே ஏதும் நடந்துவிடும் என்று அர்த்தமில்லை, அது வாழ்நாள் முழுக்கச் சாப்பிடுவதற்கான அளவு. ஆனால் "நாங்கள் காலங்காலமாய்ச் சாப்பிடுறதுதானே" என்ற வாதம் இந்த இடத்தில் நிற்காது. காலங்காலமாக நாங்கள் சாப்பிட்ட அளவு இது இல்லை.

உடம்பு ஏன் கதவைச் சாத்துகிறது?

இவ்வளவு குர்குமினை விழுங்கினால் அது எங்கே போகிறது? பெரும்பகுதி மலத்தோடு வெளியே போய்விடும்.

குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது. குடலில் இருக்கும் காரத்தன்மையான சூழலில் அது நிலைத்து நிற்காமல் உடைந்துபோகும். மிச்சமாக உள்ளே வருகிறதையும் குடற்சுவரும் ஈரலும் சும்மா விடுவதில்லை. அங்கே இருக்கும் நொதியங்கள் அதோடு வேறொரு மூலக்கூறைக் கொழுவி, தண்ணீரில் கரையக்கூடிய பொருளாக மாற்றி வெளியே அனுப்பிவிடும். வெளியிலிருந்து வருகிற பல இரசாயனங்களை எங்கட உடம்பு அகற்றுகிற வழமையான முறைதான் இது. உயர்தரத்தில் உயிரியல் படித்தவைக்கு அகத்துறிஞ்சல் என்ற பாடம் ஞாபகமிருக்கும். வாயால் போவது வேறு, குருதிக்குள் சேர்வது வேறு.

1998இல் பெங்களூரில் இருந்த ஆய்வாளர்கள் சில ஆண்களுக்கு 2 கிராம் குர்குமினைக் கொடுத்துக் குருதியைச் சோதித்தார்கள். 2 கிராம் என்பது எங்கட கணக்கில் நூற்றியெண்பது கோப்பை சொதிக்கு மேல். அவ்வளவு கொடுத்தும் குருதியில் குர்குமின் பிடிபடவில்லை, பிடிபட்ட இடத்திலும் மிகமிகக் குறைவு. அதே அளவோடு மிளகிலிருந்து எடுத்த பைப்பரின் 20 மில்லிகிராமைச் சேர்த்துக் கொடுத்தபோது குருதிக்குள் சேர்ந்த அளவு 2000 வீதமாகக் கூடியது.

இன்றைக்குப் போத்தல்களில் தடித்த எழுத்தில் அச்சிடும் "2000 வீதம் கூடுதல் அகத்துறிஞ்சல்" என்ற வசனத்தின் ஊற்று இதுதான். ஒரு சின்ன ஆய்வு, சில ஆண்கள், ஒரே ஒரு தரம் கொடுத்த மருந்து. கேட்க 2000 பெரிய எண்ணாகத்தான் இருக்கு. ஆனால் இல்லையென்று சொல்லக்கூடிய அளவு ஒன்றை இருபதால் பெருக்கினாலும் அது சின்னனாகத்தான் இருக்கும். சட்டைப்பையில் ஐந்து ரூபாய் வைத்திருக்கிறவனுக்கு இருபது மடங்கு காசு வந்தால் நூறு ரூபாய்தானே வரும்.

இன்னொன்றையும் கவனியுங்கோ. பைப்பரின் என்ன செய்து இந்த அளவைக் கூட்டியது? வெளிப்பொருளை அகற்றுகிற அந்த நொதியங்களை அது கொஞ்ச நேரத்துக்கு மந்தமாக்கியது. காவற்காரனைத் தூங்கவைத்துவிட்டு ஒருத்தரை உள்ளே விடுகிற வேலை. காவற்காரன் தூங்கினால் அந்த ஒருத்தர் மட்டும்தான் உள்ளே வருவார் என்று நினைக்க ஏலாது.

மிளகு மற்ற மருந்துகளுக்கும் கதவைத் திறக்கும்

பைப்பரினை வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துச் செய்த ஆய்வுகளும் இருக்கின்றன. வலிப்புக்குக் கொடுக்கும் பெனிற்றோயின், பிரஷருக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் கொடுக்கும் புரோபிரனலோல், மூச்சு வருத்தத்துக்குக் கொடுக்கும் தியோபிலின் ஆகியவற்றின் அளவு குருதியில் கூடியதாக அவை காட்டுகின்றன. இவை எங்கட ஆஸ்பத்திரிகளுக்குப் புதிய மருந்துகள் இல்லை. இதில் பெனிற்றோயினும் தியோபிலினும் அளவு கொஞ்சம் கூடினாலே நஞ்சாகக்கூடியவை. டொக்ரர் கணக்குப் பார்த்து எழுதின அளவை, அவருக்குத் தெரியாமலே போத்தல் மாற்றிவிடலாம்.

இரத்தம் உறையாமலிருக்க வோர்பரின் குடிக்கிறவைக்கு இது இன்னும் பாரதூரமானது. வோர்பரின் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் மஞ்சள் சேர்ந்த ஒரு பொருளைக் குடிக்கத் தொடங்கிய பிறகு, இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் அளவீடு 10ஐயும் தாண்டிவிட்டதாக நியூசிலாந்தின் மருந்துப் பாதுகாப்பு அமைப்பு 2018இல் எச்சரித்தது. வழமையாக அந்த அளவை 2க்கும் 3க்கும் இடையில் வைத்திருக்கத்தான் டொக்ரர்மார் பாடுபடுவினம். 10 என்றால் ஒரு சின்னக் காயத்துக்கே இரத்தம் நிற்காமல் போகலாம். இருதய வால்வு மாற்றினவை, பாரிசவாதம் வந்து தப்பினவை என்று வோர்பரின் குடிக்கிறவை எங்கட ஊர்களிலும் இருக்கினம்.

சொதிக்கு மஞ்சள் போட்டு, இரசத்துக்கு மிளகு போட்டுச் சாப்பிட்டால் இப்படி நடக்குமோ எண்டு பயப்பிடத் தேவையில்லை. அது சாப்பாட்டு அளவு. பிரித்தெடுத்து, செறிவாக்கி, ஒவ்வொரு நாளும் மாசக்கணக்காகக் குடிக்கிறதைப் பற்றித்தான் நாங்கள் கதைக்கிறம்.

எதுக்கு உதவும், எதுக்கு உதவாது?

நியாயமாகக் கதைப்பதென்றால் நல்லதையும் சொல்ல வேண்டும். முழங்கால் தேய்மானத்தால் வரும் நோவுக்குக் கொஞ்சம் சான்று இருக்கிறது. 2014இல் தாய்லாந்தில் 367 பேரை வைத்து நாலு கிழமைகள் செய்த ஆய்வில், மஞ்சட் சாறு நோவைக் குறைப்பதில் இபுபுரூபனுக்குப் பெரிதாகப் பின்னிற்கவில்லை. 2020இல் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் 70 பேரை வைத்துச் செய்த ஆய்விலும் வெற்று மாத்திரை குடித்தவர்களைவிட மஞ்சட் சாறு குடித்தவர்களுக்கு நோவு குறைந்தது. ஆனால் ஸ்கானில் பார்த்தபோது முழங்காலுக்குள் இருந்த நீர்க்கோர்வையிலோ குருத்தெலும்பிலோ வித்தியாசம் தெரியவில்லை. நோவு குறைந்தது, தேய்மானம் மாறவில்லை. 2023இல் தாய்லாந்தில் செமிபாட்டுப் பிரச்சினை உள்ளவர்களுக்குக் குர்குமினையும் ஒமிப்பிரசோலையும் கொடுத்து ஒப்பிட்டபோது இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சுகத்தைக் கொடுத்தன.

இவை எல்லாம் சின்ன ஆய்வுகள், சில கிழமைகளுக்குள் முடிந்தவை. ஆனாலும் இவற்றைத் தூக்கி எறிய ஏலாது. முழங்கால் நோவோடு இருக்கிற ஒரு அம்மம்மா, வேறு மருந்து எதுவும் குடிக்காதவர், டொக்ரரிடம் கேட்டுவிட்டுக் கொஞ்சக் காலம் குடித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது.

இங்கே ஒரு சுவாரசியமான விஷயமும் உண்டு. செமிபாட்டுப் பிரச்சினைக்குக் குருதிக்குள் போகவேண்டிய தேவையே இல்லை, குடலோடு நின்று வேலை செய்தாலும் போதும். அகத்துறிஞ்சல் கூடினால் எல்லாம் நல்லது என்கிற விளம்பரக் கணக்கு அங்கேயே பிழைக்கிறது.

ஆனால் புற்றுநோய், ஞாபகமறதி நோய் என்று லேபிளிலும் வட்ஸ்அப்பிலும் வருகிற மிச்சப் பட்டியலுக்கு மனிதரில் அப்படியான உறுதியான சான்று இல்லை. "ஆய்வில் நிரூபணம்" என்று வருகிறவற்றில் பெரும்பாலானவை ஆய்வுகூடக் கிண்ணத்துக்குள் கலங்களின்மேல் குர்குமினை ஊற்றிப் பார்த்தவை. கிண்ணத்துக்குள் ஊற்றுகிற அளவு எங்கட குருதியில் ஒருபோதும் வராது. அதோடு குர்குமின் ஆய்வுகூடச் சோதனைகளைக் குழப்பக்கூடிய பொருள். அது தானே ஒளிரும், உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும், கலத்தின் மென்சவ்வைக் குலைக்கும். அதனால் வேலை செய்யாத இடத்திலும் வேலை செய்கிற மாதிரிப் பெறுபேறு வரும். 2017இல் ஒரு மருத்துவ இரசாயனவியல் சஞ்சிகையில் இந்தத் துறை ஆய்வாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட மனிதப் பரிசோதனைகளை வைத்துப் பார்த்துவிட்டு, குர்குமின் நிலையில்லாதது, உடம்புக்குள் சேராதது, மருந்தாக வளர்வதற்குச் சாத்தியம் மிகக் குறைந்தது என்று எழுதினார்கள்.

குர்குமின் புற்றுநோயைத் தடுக்கும் என்ற கதையைப் பெரிதாக்கியவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் எம்.டி. அண்டர்சன் புற்றுநோய் நிலையத்தில் இருந்த பரத் அகர்வால். ஆய்வுப் படங்களில் குளறுபடி இருப்பதாகக் கேள்விகள் எழுந்து, அவருடைய இருபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகளைச் சஞ்சிகைகள் மீளப்பெற்றுவிட்டன. கட்டுரைகள் மீளப்பெறப்பட்ட செய்தி எங்கட வட்ஸ்அப் குழுக்களுக்கு வந்து சேரவில்லை. முதல் வந்த செய்திதான் இன்னும் சுத்திக்கொண்டிருக்கு. தெல்லிப்பழைக்கும் மகரகமவுக்கும் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகிற ஒருவருக்கு இந்தச் செய்தியை "போட்டுப் பாருங்கோ" என்று அனுப்புவதில் இருக்கிற பொறுப்பை நாங்கள் யோசிக்க வேண்டும்.

ஈரலுக்கு நல்லதோ?

போத்தல்களில் கூடுதலாக வருகிற வசனம் "ஈரலைப் பாதுகாக்கும்" என்பது. மஞ்சள் குளிசைகளைப் பற்றி உலகத்தில் இப்போது வருகிற முக்கியமான எச்சரிக்கையும் ஈரலைப் பற்றியதுதான்.

மருந்துகளால் ஈரல் பாதிப்படைந்தவர்களைப் பதிவுசெய்யும் அமெரிக்க ஆய்வு வலையமைப்பு ஒன்று, மஞ்சள் குளிசையோடு தொடர்புபட்ட 10 பேரைப் பற்றி 2022இல் அறிக்கையிட்டது. பத்துப் பேரும் 2011க்குப் பிறகு பதிவானவர்கள். ஐந்து பேர் ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்துபோனார். பத்தில் ஏழு பேரிடம் ஒரே மரபணு வகை இருந்தது. அதாவது எல்லாரையும் இது தாக்காது, சிலரின் உடலமைப்பு இதற்கு இலகுவாக இடங்கொடுக்கிறது. அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுகிற வசதி எங்கட கிளினிக்குகளில் இல்லை.

அவுஸ்திரேலியாவின் மருந்து ஒழுங்குபடுத்தும் அமைப்புக்கு 2023 நடுப்பகுதி வரை இப்படி 18 அறிக்கைகள் வந்திருந்தன, அதிலும் ஒரு மரணம். இத்தாலியில் 2019இல் தொடர்ச்சியாக ஈரல் அழற்சி நோயாளர்கள் வந்த பிறகு, ஈரல், பித்தப் பிரச்சினை உள்ளவர்கள் பாவிக்க வேண்டாம், வேறு மருந்து குடிப்பவர்கள் டொக்ரரிடம் கேளுங்கள் என்ற எச்சரிக்கையை லேபிளில் போட வைத்தார்கள்.

எத்தனையோ இலட்சம் பேர் குடிக்கிற பொருளில் இந்த எண்ணிக்கை சின்னது, உண்மைதான். பெரும்பாலானவைக்கு ஒன்றும் நடக்காது. ஆனால் ஏன் இது இப்போது வருகிறது என்பதை யோசியுங்கோ. ஆயிரக்கணக்கான வருசம் மஞ்சள் சாப்பிட்ட தெற்காசியாவில் மஞ்சளால் ஈரல் பழுதான கதை பேச்சில் இல்லை. செறிவாக்கிய சாறும், மிளகு சேர்த்த குளிசையும், கொழுப்போடு கட்டியும் நுண்துகளாக்கியும் அகத்துறிஞ்சலைக் கூட்டிய புதுவகைத் தயாரிப்புகளும் சந்தைக்கு வந்த பிறகுதான் இந்த அறிக்கைகள் வரத் தொடங்கின. மருத்துவர்களும் அகத்துறிஞ்சல் கூட்டிய தயாரிப்புகளைத்தான் கூடுதலாகச் சந்தேகிக்கினம்.

எங்கள் வாதத்தின் நடுப்பகுதி இதுதான். உடம்பு குர்குமினை உள்ளே விடாதது ஒரு குறை என்று விளம்பரம் சொல்லுது. அந்தக் குறைதான் இவ்வளவு காலமும் மஞ்சளை ஆபத்தில்லாத சாப்பாடாக வைத்திருந்தது என்று நாங்கள் நினைக்கிறோம். அந்தத் தடையை உடைத்து உள்ளே அனுப்புகிற நேரத்தில் அது சாப்பாடாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. மருந்து மாதிரி வேலை செய்யும் என்று சொல்லி விற்றால், மருந்திடம் கேட்கிற கேள்விகளை அதனிடமும் கேட்க வேண்டும். எவ்வளவு, எத்தனை நாள், ஆருக்குக் கூடாது, எதோடு சேரக் கூடாது?

"எங்கட மரபைக் குறை சொல்லுறியளோ?"

இந்தக் கேள்வி வரும் என்று எங்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரன் எங்கட மருத்துவத்தை இளக்காரமாகப் பார்த்த வரலாறு உண்மையானது. பிறகு அதையே களவெடுக்க வந்ததும் உண்மை. காயம் ஆற்ற மஞ்சளைப் பாவிப்பதற்கு 1995இல் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்குக் காப்புரிமையே கொடுத்தார்கள். இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிச் சபை பழைய நூல்களைச் சான்றாக வைத்து வாதாடி 1997இல் அதை இரத்துச் செய்வித்தது. அந்த வெற்றியில் எங்களுக்கும் மகிழ்ச்சிதான்.

ஆனால் அந்த வழக்கில் வென்ற அறிவு எது? காயத்துக்கு மேலே பூசுகிற மஞ்சள். அங்கே அகத்துறிஞ்சல் என்ற பேச்சே இல்லை. எங்கட மரபு சொல்லித்தந்தது பூசுகிற மஞ்சள், சமைக்கிற மஞ்சள், பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற சரக்குக்கறியில் மல்லி, மிளகு, சீரகத்தோடு அரைத்துச் சேர்க்கிற மஞ்சள். 95 வீதம் செறிவாக்கிய சாற்றை வருசக்கணக்காக விழுங்கச் சொல்லி எந்த அம்மம்மாவும் சொன்னதில்லை.

சித்த மருத்துவரிடம் போனால் ஆளைப் பார்ப்பார், நாடி பார்ப்பார், எவ்வளவு, எதோடு, எத்தனை நாள் என்று சொல்லுவார், பத்தியம் சொல்லுவார். மருந்து என்றால் அளவும் காலமும் கட்டுப்பாடும் உண்டு என்பதுதான் அந்த மரபின் அடிப்படை. போத்தலோ ஆரையும் பாராமல் எல்லாருக்கும் ஒரே அளவைச் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் மரபை மீறுவது போத்தல்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவம் படிக்கிற எங்கட நண்பர்கள் இதைப் பற்றித் தமிழில் எழுதவேண்டும் என்று கேட்கிறோம். இந்த இடத்தில் உங்கட குரலுக்கு எங்கட குரலைவிட மதிப்புக் கூட.

இலங்கையில் இது ஆருடைய பொறுப்பு?

எங்கட நாட்டில் ஒரு மஞ்சள் குளிசைக்கு மூன்று முகம் இருக்கலாம். உணவு என்றால் 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம். ஆயுர்வேத மருந்து என்றால் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம். உணவுக்கும் மருந்துக்கும் நடுவில் நிற்கிற எல்லைக்கோட்டுப் பொருள் என்றால் 2015ஆம் ஆண்டின் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம். காகிதத்தில் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் பார்சலில் வருகிற போத்தலுக்கும், முகநூலில் "இன்பொக்ஸ் பண்ணுங்கோ" என்று விற்கிற போத்தலுக்கும் இந்த மூன்று வாசலில் எதுவும் குறுக்கே நிற்பதில்லை.

பயமும் நம்பிக்கையும் சேருகிற நேரத்தில் சனம் எவ்வளவு தூரம் போகும் என்பதை நாங்கள் 2020 டிசம்பரில் பார்த்தோம். கேகாலையில் தேனும் சாதிக்காயும் சேர்த்துச் செய்த கொரோனாப் பாணிக்காகக் கொரோனாக் காலத்திலேயே ஆயிரக்கணக்கில் சனம் கூடியது. அன்றைய சுகாதார அமைச்சர் பகிரங்கமாக அந்தப் பாணியைக் குடித்தார். அடுத்த மாதம் அவருக்கே தொற்று வந்தது. அதே 2020இல்தான் இறக்குமதித் தடையால் மஞ்சள் கிலோ பல ஆயிரம் ரூபாவுக்குப் போனது, மன்னார்க் கடலால் மூட்டை மூட்டையாகக் கடத்தி வந்தார்கள், மாவைக் கலந்து விற்றவர்களும் பிடிபட்டார்கள். சனம் தேடுகிற பொருளில் கலப்படம் வருவது இயல்பு.

கலப்படம் என்றால் மாவு மட்டுமில்லை. பங்களாதேசில் மஞ்சளுக்குப் பளபளப்பான நிறம் வர ஈயக் குரோமேற்றைச் சேர்ப்பதை ஆய்வாளர்கள் 2019இல் வெளிக்கொண்டு வந்தார்கள். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. அரசாங்கம் சந்தையில் சோதித்து, தண்டம் அடித்து, சனத்துக்கு அறிவித்தது. 2019இல் மாதிரிகளில் 47 வீதத்தில் இருந்த கலப்படம் 2021இல் இல்லாமலே போனது. இரண்டு வருசத்தில் ஒரு ஏழை நாடு இதைச் செய்து காட்டியிருக்கிறது. எங்களால் ஏலாது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை.

நாங்கள் கேட்பது

அரசிடம் கேட்பது இரண்டு. இங்கே விற்கிற ஒவ்வொரு குர்குமின் போத்தலிலும் ஈரல் எச்சரிக்கையும் மருந்துகளோடு சேர்ப்பது பற்றிய எச்சரிக்கையும் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். சந்தையில் இருக்கிற தூளையும் குளிசையையும் எடுத்துச் சோதித்துப் பெறுபேற்றை வெளியிட வேண்டும்.

டொக்ரர்மாரிடமும் பாமசியில் நிற்கிறவர்களிடமும் கேட்பது ஒரே ஒரு கேள்வி. "வேற என்ன குடிக்கிறியள், வெளிநாட்டால வந்த குளிசை ஏதும் இருக்கோ?" எண்டு கேளுங்கோ. ஏசாமல் கேளுங்கோ. ஏச்சு விழும் என்ற பயத்தில்தான் பலர் மறைக்கினம்.

வெளிநாட்டில் இருக்கிற மாமிமார், சித்தப்பாமாரிடம் அன்போடு கேட்பது: நீங்கள் அனுப்புவது அன்பினால் என்று தெரியும். அடுத்த பார்சலில் அந்தப் போத்தலுக்குப் பதிலாகக் காசை அனுப்பினால் ஒரு நல்ல இரத்தப் பரிசோதனை செய்யலாம்.

எங்களிடம், எங்கட வயதுக்காரரிடம் கேட்பதுதான் முக்கியமானது. வீட்டில் இருக்கிற போத்தலின் ஆங்கில லேபிளை வாசிக்கக்கூடியவர்கள் நாங்கள்தான். இந்தக் கிழமை அதைக் கையில் எடுத்து வாசியுங்கோ. குர்குமின் எத்தனை மில்லிகிராம், பைப்பரின் அல்லது மிளகுச் சாறு இருக்கோ, ஒரு நாளைக்கு எத்தனை போடச் சொல்லியிருக்கு எண்டு பார்த்து கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுங்கோ. அடுத்த கிளினிக்குக்குப் போத்தலையும் பைக்குள் வைத்து அனுப்புங்கோ. வோர்பரின், வலிப்பு மருந்து, தியோபிலின் குடிக்கிறவை, பித்தக்கல் அல்லது ஈரல் வருத்தம் உள்ளவை, சிறுநீரகக் கல் வந்தவை என்றால் கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம். குளிசையை நிற்பாட்டிவிட்டு டொக்ரரிடம் கேளுங்கோ. டொக்ரர் எழுதின மருந்தை மட்டும் நிற்பாட்ட வேண்டாம். கண் மஞ்சளாகுது, சலம் கடும் நிறமாகப் போகுது, சாப்பாடு பிடிக்கேல்லை, தோல் கடிக்குது எண்டு சொன்னால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், குடித்த போத்தலையும் காட்ட வேண்டும்.

அம்மாவிடம் "உது பொய், எறியுங்கோ" எண்டு சொன்னால் அவ கேட்கமாட்டா. அவவுக்கு முழங்கால் நோகிறது உண்மை, கிளினிக்கில் நாலு மணித்தியாலம் காத்திருந்து இரண்டு நிமிசம் கதைக்கக் கிடைப்பதும் உண்மை. அந்தப் போத்தல் அவவின் பேச்சைக் கேட்ட மாதிரி இருந்ததால்தான் அது வீட்டுக்குள் வந்தது. நோவைப் பற்றி முதலில் இருந்து கேளுங்கோ. பிறகு நாற்பது கோப்பைச் சொதிக் கணக்கைச் சொல்லுங்கோ. சமையற்காரருக்கு அளவு விளங்கும்.

சொதிக்கு மஞ்சள் போடுவதை ஆரும் நிற்பாட்ட வேண்டாம். கிழங்காக வாங்கி, காயவைத்து, மில்லில் கொடுத்து அரைத்தால் இன்னும் நல்லது. போத்தலை மட்டும் கிளினிக் பைக்குள் வையுங்கோ. அது மருந்து. மற்ற மருந்துகளோடுதான் அது இருக்கவேண்டும், டொக்ரரின் கண்ணிலும் படவேண்டும்.